வெக்கை ஊரில் சுண்டெலிக் குட்டி: எந்தப் பெட்டி, எத்தனை தாய், ஆணை எப்போது பிரிப்பது?

தோட்டப்புறத்தில் எலி என்றாலே எதிரிதான். செம்பனைக் குலையைக் கடிக்கும், அரிசி மூட்டையில் ஓட்டை போடும், மோட்டார் வயரைக்கூட விடாது. அதை ஒழிக்கத் தோட்ட நிர்வாகங்களே கம்பத்தின் மேல் பெட்டி பொருத்திக் கூகைகளைக் குடிவைக்கின்றன, மரத்தடியில் மருந்துக் கட்டி போடுகின்றன. இப்படிப்பட்ட மலேசியத் தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைச் சுண்டெலி வளர்க்கிறேன் என்றால் பெரியவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். இருந்தாலும் ஈப்போ வரை போய் ஒரு ஜோடி வாங்கி வரும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். வாங்கி வந்த மாதமே குட்டி போட்டுவிடும். அடுத்த மாதம் இன்னொரு ஈத்து. அப்போதுதான் கேள்விகள் வரும்: இத்தனையையும் எதில் வைப்பது, ஆணை எப்போது பிரிப்பது, குட்டிகளை எப்போது எடுப்பது?

இந்த முடிவுகளை எல்லாம் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இணையத்தில் தேடினால் ஆலோசனைக்குக் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி குளிர் நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. கூட்டைக் கதகதப்பாக வை, காற்று படாமல் மூடு, தகப்பனையும் உள்ளேயே விடு, அதுவும் குட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் என்பார்கள். நம் ஊரில் பகலில் 32, 33 டிகிரி சர்வசாதாரணம், ஈரப்பதமும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இங்கே குட்டிகளுக்குச் சூடு தேட வேண்டியதில்லை. தாயின் உடம்புச் சூடு வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே நான் ஒப்பிடும் எல்லாவற்றிலும் அந்த ஒன்றைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சும்மா இருக்கும் சுண்டெலிக்கு 30 டிகிரி இதமான வெப்பம். பால் கொடுக்கும் எலியின் நிலைமை வேறு. இரண்டாவது வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும்போது அது வழக்கமாகத் தின்பதைப் போல மூன்று நான்கு மடங்கு தின்னும். அவ்வளவு தீனியும் பாலாக மாறும்போது உடம்பில் சூடு ஏறிக்கொண்டே போகும். எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கவும் தெரியாது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்பீக்மன், எல்ஸ்பியெத்தா க்ரூல் ஆகியோர் இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 21 டிகிரியில் இருந்த தாய்களைவிட 30 டிகிரியில் இருந்த தாய்கள் குறைவாகத் தின்றன, பாலும் குறைந்தது, குட்டிகளும் சிறுத்திருந்தன. பிறகு 2007-இல் வெளிவந்த ஆய்வில் தாய்களின் முதுகு மயிரைச் சிரைத்துவிட்டுப் பார்த்தார்கள். சூடு வெளியேற வழி கிடைத்ததும் அவை கூடுதலாகத் தின்றன, பால் கூடியது, குட்டிகளும் எடை போட்டன. அந்தச் சோதனையில் தாய்களை வாட்டிய 30 டிகிரி, நமக்கு ஒரு சாதாரணப் பகல்பொழுது. நம் வீட்டுத் தாய் எலிக்கு எவ்வளவு சிரமம் என்று இதிலிருந்தே தெரியும்.

மூன்று வகைக் கூண்டு

கண்ணாடி மீன்தொட்டி, கம்பிக் கூண்டு, கம்பிவலை ஜன்னல் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. நம் ஊரில் கையில் கிடைப்பவை இந்த மூன்றும்தான்.

கண்ணாடித் தொட்டியில் ஒரு பெரிய வசதி, எலிகள் செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பல்லால் கடிக்க முடியாது. மூடியில் வலை போட்டுவிட்டால் பூனையோ பாம்போ உள்ளே நுழையாது. கூண்டு எலிகளை வேடிக்கை பார்ப்பதற்காகவே வளர்ப்பவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் குட்டி போடும் தாய்க்கு நான் அதைத் தரமாட்டேன். நாலு பக்கமும் அடைப்பு, காற்று மேலே மட்டும்தான். மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியா வாடையும் ஈரமும் உள்ளேயே தங்கும். சுண்டெலிக்கு நுரையீரல்தான் பலவீனமான இடம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பல எலிகளின் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும். அம்மோனியா மூக்கையும் மூச்சுக்குழாயையும் அரித்ததும் அது தலைதூக்கும். தும்மல், மூச்சு விடும்போது கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம், பிறகு மெலிவு. மேலும், குட்டி போட்ட முதல் சில நாள் கூண்டைக் கழுவக்கூடாது. அந்த நாள்களில் கண்ணாடித் தொட்டிக்குள் வாடை ஏறிக்கொண்டே போகும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

கம்பிக் கூண்டுக்குக் காற்றோட்டத்தில் முழு மதிப்பெண். அதோடு அதன் நன்மை முடிந்துவிடுகிறது. கடையில் விற்கும் கூண்டுகள் பெரும்பாலும் ஹாம்ஸ்டருக்காகச் செய்தவை, கம்பிகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். சின்னப் பெண் எலியே அதில் நுழைந்து போய்விடும். கண் திறந்து இரண்டொரு நாள் ஆன குட்டிக்கு அது கதவு திறந்து வைத்த வீடுதான். வெளியே விழுந்த குட்டியைத் தாயால் எட்டி எடுக்க முடியாது. அடியிலும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். எறும்புக்கோ நாலு பக்கமும் வழி. கம்பி இடைவெளி 7 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கூண்டு கிடைத்தால் வளர்ந்த எலிகளை, குறிப்பாகப் பிரித்து வைத்த ஆணை, அதில் வைக்கலாம். குட்டி ஈனுவதற்கு வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது பிளாஸ்டிக் பெட்டி. துணிமணி அடுக்கி வைக்க விற்கிறார்களே, மூடி போட்ட பெரிய பெட்டி, அதுதான். அடிப்பகுதி ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஒரு தாய்க்கும் குட்டிகளுக்கும் துணைக்கு ஒரு பெண் எலிக்கும் தாராளம். அமெரிக்க ஆய்வகங்களுக்கான 2011-ஆம் ஆண்டு வழிகாட்டி, குட்டியோடு இருக்கும் ஒரு தாய்க்குக் குறைந்தது 330 சதுர சென்டிமீட்டர் தரை வேண்டும் என்கிறது. ஒரு ஏ4 தாளில் ஏறக்குறைய பாதி. குளிரூட்டிய ஆய்வகத்துக்கே அது அடிமட்ட அளவு. தகிக்கும் வீட்டில் அந்த அளவை நம்பி எதையும் வாங்காதீர்கள். கூட்டை விட்டுத் தள்ளிப்போய்க் காலை நீட்டிப் படுக்க ஒரு மூலை இருந்தால்தான் தாய் எலி தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும்.

பெட்டியின் மூடியில் மட்டும் ஓட்டை போட்டால் அது கண்ணாடித் தொட்டியின் தம்பிதான். எதிரெதிரான இரண்டு நீளப் பக்கங்களிலும் ஜன்னல் வெட்டுங்கள், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும். ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கட்டும், அப்போதுதான் படுக்கைத் தூள் வெளியே கொட்டாது, காற்றும் கூட்டின் மேல் நேராக அடிக்காது. ஹார்ட்வேர் கடையில் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை என்று கேட்டு வாங்குங்கள். கொசுவலையைப் போட்டால் ஒரே இரவில் கடித்துவிடும். வலையை வெட்டிய ஓட்டையைவிட நாலு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக எடுத்து, உள்பக்கமாக வைத்து, வாஷர் போட்ட சின்ன போல்ட்டால் இறுக்குங்கள். வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு எலியின் பல்லுக்கு எட்டக்கூடாது என்பதற்காகத்தான் உள்பக்கம். வழவழவென்ற சுவரை அது கடிக்காது, பல் பதிய ஒரு விளிம்பு கிடைத்தால்தான் ஆரம்பிக்கும். வலையின் கம்பி முனைகளை மடக்கிவிட மறக்காதீர்கள்.

இதற்கும் குறை உண்டு. பிளாஸ்டிக் நாளாக ஆக மூத்திர வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சொரசொரப்பாகும், ஒரு கட்டத்தில் மாற்றித்தான் ஆகவேண்டும். செலவு அதிகமில்லை என்பதால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் வைக்கும் இடம் தப்பாக இருந்தால் பயனில்லை. நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பின்னால் இழுத்துக் கட்டிய அடுக்களைக்குத் தகரக் கூரைதான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அங்கே நம்மால் நிற்கவே முடியாது, அங்கே எலியை வைப்பது கொடுமை. மேற்குச் சுவர் ஓரமும் வேண்டாம். முன்கூடத்தில் தரைக்கு அருகே, வெயில் விழாத மூலை நல்லது. காற்றாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், சுற்றி வரும் காற்று போதும். பெட்டிக்குள் ஒரு தரை ஓட்டுத் துண்டைப் போட்டு வைத்தால் வெக்கை நேரத்தில் தாய் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கடுமையான வெயில் நாளில் உறைய வைத்த தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள், கூடு இருக்கும் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில்.

எறும்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. உரோமம் முளைக்காத குட்டியை எறும்பு மொய்த்தால் தாயால் ஒன்றும் செய்ய முடியாது. நம் பாட்டிமார் சாப்பாட்டு அலமாரியின் கால்களைக் கிண்ணத் தண்ணீரில் வைப்பார்களே, அதே முறைதான்: பெட்டியைச் சின்ன மேசையின் மேல் ஏற்றி, நாலு காலுக்கும் நாலு கிண்ணம். தண்ணீர் ஊற்றினால் வாரம் தவறாமல் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டில் கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. சமையல் எண்ணெய் ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தூசி படிந்து பாலம் போட்டுவிடும். எனக்கு எண்ணெய்தான் மேல் என்று படுகிறது. பெட்டியின் பக்கத்தில் பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள். டெங்கிப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுங்கள்.

கீழே எதைப் பரப்புவது?

சுற்றிலும் மர ஆலைகளும் தளவாடத் தொழிற்சாலைகளும் இருக்கும்போது மரத்தூள் இலவசமாகவே கிடைக்கும். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்: அதை வாங்கிப் போடாதீர்கள். தளவாடத்துக்குப் போகும் ரப்பர் மரம் அறுத்த உடனே பூஞ்சையும் துளைக்கும் வண்டும் பிடிக்கும் மரம். அதைத் தடுக்கப் பலகையை போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். அழுத்திய பலகையாக இருந்தால் அதில் பசையும் சேர்ந்திருக்கும். நாற்காலி செய்ய அதெல்லாம் தேவைதான். நாளெல்லாம் அதில் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கும் எலிக்கு அது ஆகாது. நுண்தூள் எந்த மரத்துடையதாக இருந்தாலும் நுரையீரலுக்குக் கெடுதல்.

கடையில் கிடைக்கும் ஆஸ்பென் மரச் சீவல் மிக நல்லது, விலைதான் கூடுதல். சூளையில் உலர்த்திய பைன் சீவல் பரவாயில்லை. சிடார் வேண்டவே வேண்டாம், அதன் மணமே கெடுதல். பாகான் செராய்ப் பக்கம் நெல் உமி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அது ஈரத்தை உறிஞ்சாது, தூசி வேறு. தேங்காய் நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மிச்சம் இருப்பது காகிதம். வழவழப்பில்லாத வெள்ளைத் தாளையோ நாளிதழையோ மெல்லிய பட்டையாகக் கிழித்துப் போட்டால் தூசி இல்லை, செலவும் இல்லை. உறிஞ்சும் சக்தி குறைவு என்பதால் மூத்திர மூலையை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பணம் இருந்தால் அடியில் ஆஸ்பென், மேலே காகிதம். இல்லாவிட்டால் காகிதம் மட்டுமே போதும்.

கூடு கட்ட மணமில்லாத டிஷ்யூத் தாளை முழுசாக உள்ளே போடுங்கள். தாய் எலி அதை இழுத்து, கிழித்து, பல்லால் பஞ்சாக்கி, நடுவில் உட்கார்ந்து உடம்பால் சுழன்று கிண்ணம்போல் ஆக்கிக்கொள்ளும். இலவம் பஞ்சும் தையல் நூலும் வேண்டாம். அதன் நார் குட்டியின் காலைச் சுற்றி இறுக்கினால் காலே அழுகிப்போகும். வெக்கை நாளில் தாய் கூட்டின் மேல்மூடியைத் தானே பிரித்துத் தாழ்வாக்கிவிடும். நீங்கள் பரிதாபப்பட்டு மேலே தாளைப் போட்டு மூடாதீர்கள், அதற்குத் தெரியும்.

ஒரு தாயா, இரண்டு தாயா?

பெண் சுண்டெலிக்குத் தனிமை ஆகாது. எனவே ஒரே தாயைத் தனியே வைத்துக் குட்டி எடுப்பது எனக்குப் பிடித்த வழி இல்லை. அக்கா தங்கை இரண்டும் சேர்ந்து குட்டி போட்டால் ஒரே கூட்டில் எல்லாக் குட்டிகளையும் போட்டு மாறி மாறிப் பால் கொடுக்கும். ஒன்று தீனி தின்னப் போனால் மற்றது உட்காரும். பார்க்கவே மனம் நிறையும். சிக்கல் எங்கே என்றால், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஈன்றால்தான் இது சரிவரும். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விழுந்தால் பெரிய குட்டிகள் பாலை எல்லாம் குடித்துவிடும், புதுக் குட்டிகள் பிழைப்பது கஷ்டம். இன்னும் ஈனாத சினை எலி மற்றதன் குட்டியைக் கொல்வதும் உண்டு.

நேரத்தைச் சேர்த்து வைக்க ஒரு வழி இருக்கிறது. பெண்களை மட்டும் கூட்டமாக வைத்தால் அவற்றின் பருவச் சுழற்சி மந்தமாகும். ஆண் வாடை பட்டதும் பல பெண்கள் மூன்றாம் இரவில் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் விட்டன் 1956-இல் எழுதியது இது. ஆணைச் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அதன் மூத்திரம் பட்ட காகிதத்தைப் பெண்களின் பெட்டியில் போட்டால் போதும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. இரண்டு சகோதரிகளில் ஒன்றை மட்டும் ஆணோடு சேர்த்து, பிறகு மற்றதோடு கொண்டுவந்து விடுவது. வீட்டில் பழகிய பெண் எலிகள் பெரும்பாலும் தாங்கள் ஈனாவிட்டாலும் குட்டிகளைத் தூக்கிக் கூட்டில் போடும், நக்கிச் சுத்தம் செய்யும். பெட்டியில் ஒரு ஈத்துதான் இருக்கும், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். தாய் குட்டிகளை விட்டு எழுந்து ஓட்டுத் துண்டின் மேல் போய்க் குளிர்ந்து வர நேரம் கிடைக்கும். நம் ஊர் வெக்கைக்கு இதுதான் பொருத்தம். சேர்க்கும்போது பெண்ணுக்கு மூன்று மாத வயது ஆகியிருக்கட்டும்.

ஆண் எலி

பக்கத்துத் தாமானில் ஒரு தம்பி இதில் ரொம்ப ஆர்வமானவன். “அக்கா, ஆணும் குட்டியப் பாத்துக்கும்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் பிரிக்கச் சொல்றீங்க?” என்று கேட்டான்.

“பாத்துக்கும் தம்பி. ஆனா குட்டி போட்ட அன்னிக்கே திரும்பச் சேர்ந்துக்கும். தாய் பாவமில்லையா?” என்றேன்.

அவன் கேட்டதில் தப்பில்லை. தன்னோடு சேர்ந்த பெண் ஈனும் நேரத்தில் ஆண் சுண்டெலி சாதுவாகிவிடும், தன் குட்டிகளைக் கொல்வது அரிது, கூட்டில் படுத்துச் சூடும் கொடுக்கும். அந்தச் சூடு நமக்குத் தேவையில்லை என்பது ஒரு பக்கம். பெரிய விஷயம் என்னவென்றால், பெண் சுண்டெலி ஈன்ற ஒரு நாளைக்குள் மறுபடியும் பருவத்துக்கு வரும். ஆண் உள்ளே இருந்தால் அன்றே சினையாகிவிடும். பிறகு அது ஏழெட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே வயிற்றில் அடுத்த ஈத்தையும் சுமக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் தன் சூட்டையே தாங்க முடியாத உடம்புக்கு இது இரட்டைச் சுமை. முதல் குட்டிகள் பால் மறக்கும் நேரத்தில் அடுத்தது பிறந்து நிற்கும். குட்டிகளில் பெண்கள் ஐந்தாறு வாரத்தில் சினைக்குத் தயாராகிவிடும், தகப்பன் என்று ஆண் பார்க்காது.

ஆகவே பிரிப்பதுதான் சரி. எப்போது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வயிறு தெரியட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். சினைக்காலம் 19 முதல் 21 நாள். பருவம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும். அப்படியானால் ஆணை இரண்டு வாரம் விட்டாலே மூன்று பருவம் வந்துபோகும், எடுக்கும்போது எந்தக் கணக்கிலும் குட்டி பிறந்திருக்காது. நாள்காட்டியில் குறித்துவிட்டுப் பதினான்காம் நாள் எடுத்துவிடுங்கள். இரண்டு பெண்களைச் சேர்த்திருந்தால் ஒரு வாரத்தோடு எடுங்கள், ஈனும் இடைவெளி குறையும். சேர்த்த சில நாள்களில் இன்னொரு ஆணை மாற்றி விடாதீர்கள். அந்நிய ஆணின் வாடை பட்டால் ஆரம்பக் கருவே கலைந்துவிடும் என்று ஆய்வாளர் ஹில்டா புரூஸ் 1959-இல் காட்டியிருக்கிறார்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது ஆண் எலிதான். பெண்ணோடு இருந்துவிட்டு வந்த ஆண் திரும்பத் தன் சகோதரர்களோடு ஒத்துப்போகாது, இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். தனியாகத்தான் இருக்கும். அதற்கும் நல்ல அளவில் பெட்டி, ஓடுவதற்குச் சக்கரம், ஒளிய அட்டைக் குழாய், தினமும் நம் கையில் கொஞ்ச நேரம் எல்லாம் வேண்டும். இரண்டாவது பெட்டி வைக்க வீட்டில் இடமில்லை என்றால் ஜோடி சேர்க்காதீர்கள்.

குட்டி வந்த பிறகு

பிறந்த குட்டி ஒரு கிராமுக்குச் சற்று கூடுதலாக இருக்கும், கண்ணும் காதும் மூடி, ரோஜா நிறத்தில். தோல் அவ்வளவு மெல்லியது, வயிற்றின் இடப்பக்கம் குடித்த பால் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அந்த வெள்ளை தெரிந்தால் நிம்மதி, தாய் பால் கொடுக்கிறது. அதைப் பார்க்கத் தினமும் கூட்டைக் கிளறலாமா, நாலு நாள் தொடாமல் விடலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. முதல் ஈத்துத் தாயாக இருந்தால் நான் தொடாதே கட்சி. மனித வாடை பட்டால் குட்டியைத் தின்றுவிடும் என்பது மிகைப்பட்ட பயம். பெரும்பாலும் தாய் தின்பது செத்த குட்டியை, அல்லது புரதம் போதாமல், சத்தத்தில் மிரண்டு செய்யும் காரியம். அந்த மிரட்சியைக் குறைக்கத்தான் விலகி இருக்கச் சொல்கிறேன். தாய் தீனிக்கு வரும்போது ஒரு நொடி எட்டிப் பார்த்து, செத்தது ஏதும் இருந்தால் எடுங்கள். கையை அதன் பழைய காகிதத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளுக்குப் பிறகு தினமும் தொட்டுப் பழக்கலாம். கழுவும்போதும் பழைய கூட்டில் பாதியை அப்படியே திரும்ப வையுங்கள்.

ஒரு வாரத்தில் உரோமம் வரும், ஒன்பதாம் நாள் வாக்கில் பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்புப் புள்ளிகள் தெரியும். ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்க அதைவிட எளிய நாள் இல்லை, கொஞ்சம் போனால் உரோமம் மறைத்துவிடும். 12 முதல் 14 நாளில் கண் திறக்கும். அப்புறம் வருவது துள்ளல் காலம். பெட்டியைத் திறந்தால் கடுகு தாளித்தது மாதிரி ஆளுக்கொரு பக்கம் தெறிக்கும். அந்த நாள்களில் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துத் திறப்பது நல்லது.

தீனியில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எலிக்கென்று விற்கும் உருண்டைத் தீனியில் புரதம் 18 முதல் 20 விழுக்காடு உள்ளதை வாங்குங்கள். தானியக் கலவை கொடுத்தால் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும், தாய்க்கு அது போதாது. மலிவு என்று கோழித் தீனி போடுகிறவர்கள் உண்டு. முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குஞ்சுத் தீனியில் மருந்து கலந்திருக்கலாம், இரண்டும் வேண்டாம். பால் கொடுக்கும் நாள்களில் தினமும் கொஞ்சம் அவித்த முட்டை, ஊறவைத்த ஓட்ஸ். மிச்சத்தை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம் ஊரில் சீக்கிரம் புளித்துவிடும். பூஞ்சை பிடித்த கடலையும் சோளமும் ஈரலைக் கெடுக்கும். தண்ணீர் கிண்ணத்தில் வேண்டாம், குட்டி முங்கிவிடும். போத்தல்தான் சரி. பதினைந்தாம் நாளுக்குள் குழாய் முனையைக் குட்டிக்கு எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள், ஆனால் காகிதத்தில் படக்கூடாது, பட்டால் போத்தல் முழுதும் வடிந்து கூடே நனைந்துவிடும்.

பிரிப்பது 21-ஆம் நாளா, 28-ஆம் நாளா? ஆய்வகங்களில் 21. அவர்களுக்கு அவசரம் இருக்கிறது, நமக்கு இல்லை. தாய் நன்றாக இருந்தால் 28 வரை விடலாம். குட்டிகள் தெம்பாகும். தாய் எலும்பும் தோலுமாகத் தெரிந்தால், அல்லது வெக்கை கடுமையாக இருந்தால், பெரிய குட்டிகளை 21-இலேயே எடுத்துத் தாயின் சுமையைக் குறையுங்கள். ஆண் குட்டிகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் 28-ஐத் தாண்டித் தாயோடும் சகோதரிகளோடும் விடாதீர்கள். பெண் குட்டிகள் தாயோடு இருக்கலாம்.

வீட்டுக்குள் திரியும் காட்டெலியும் மூஞ்சூறும் பெட்டியை நெருங்காமல் பார்த்துக்கொள்வது நம் உடம்புக்கும் நல்லது. அவற்றின் மூத்திரம் வலை வழியே உள்ளே பட்டால் எலிக்காய்ச்சல் கிருமி நம் வளர்ப்பு எலிக்கும் வரலாம், அதைத் தொடும் நமக்கும் வரலாம். கையில் வெட்டுக் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் பெட்டி கழுவ வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தப் பக்கமே வரவேண்டாம். சுண்டெலி வழியாகப் பரவும் ஒரு வைரஸ் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது.

பிறக்கும் குட்டிகள் யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் ஆணைச் சேர்க்கும் முன்பே பேசி வையுங்கள். ஒரு ஈத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஏறக்குறைய பாதி ஆண். பெண்களை இரண்டிரண்டாகக் கொடுங்கள், தனியாகக் கொடுக்காதீர்கள். செம்பனைக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூகைக்கும் மருந்துக் கட்டிக்கும் நடுவே வெள்ளை எலி ஓர் இரவு தாங்காது. 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டமும் வளர்ப்பவருக்கு அதைக் கவனிக்கும் கடமை உண்டு என்கிறது. கேட்டு வைத்தவர்கள் நாலு பேர்தான் என்றால், இந்த முறை ஒரே ஒரு பெண்ணைச் சேருங்கள். அந்த ஈத்து முழுதும் வீடு போய்ச் சேர்ந்து, தாயும் இரண்டு மாதமாவது ஓய்வெடுத்த பிறகு அடுத்ததை யோசிக்கலாம். எட்டு மாத வயதைத் தாண்டிய தாயை மறுபடியும் சேர்க்காதீர்கள்.